துணிக்கு அளவெடுத்த உடம்பு

மற்ற இடங்களில் ஆளைப் பார்த்துச் சட்டை தைப்பார்கள். எங்கள் ராணுவ அருங்காட்சியகத்தில் சட்டையைப் பார்த்து ஆளைச் செய்ய வேண்டும். அந்த ஆளைச் செய்கிறவள் நான். போரில் ஒருவர் உடுத்திய சட்டையில் புதிதாக ஓர் ஊசி குத்தக்கூடாது, ஒரு தையல் பிரிக்கக்கூடாது, இழுத்து மாட்டக்கூடாது. அதனால் கெட்டியான நுரைப்பலகைகளை அடுக்கி ஒட்டி, கத்தியால் சீவிச் சீவி, அந்தச் சட்டை கேட்கிற உடம்பைக் கொண்டுவந்து வெள்ளைத் துணி சுற்றிக் கொடுப்பேன். தலை கிடையாது, விரல் கிடையாது. இதற்கு முன் ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவை எல்லாம் ஒரே அச்சு, சிரிப்பும் ஒரே சிரிப்பு. இங்கேயும் காவலாளிகள் என்னைப் 'பொம்மையக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேட்கிறதாக இல்லை, விட்டுவிட்டேன்.

திறப்பு விழாவன்று காலை நான் முதல் கூடத்தின் முதல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூடத்திலேயே பெரிய பெட்டி அது. பாலத்துப் பீரங்கிக்காரருடையது. கூட இருந்தவர்கள் எல்லாம் விழுந்த பிறகு, தனி ஆளாக ஒரு பகல் முழுக்கப் பாலத்தைப் பிடித்துவைத்திருந்தவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அவர் கதையைச் சொல்லும். உள்ளே அவர் சட்டை, பக்கத்தில் ஓர் அட்டை. 'குண்டு பட்ட கணத்திலேயே, பாலத்தின் மீதே வீரமரணம் எய்தினார்' என்று அட்டை முடியும்.

சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர் மனைவி. கணக்கு டீச்சர். காகிதத்தில் சுற்றி, கைக்குழந்தையைக் கொடுப்பது மாதிரி கொடுத்தார். நான் வழக்கம்போல் வேலையை ஆரம்பித்தேன். சட்டை கேட்ட உடம்பும் டீச்சர் கூடவே தந்த அவர் போட்டோவில் இருந்த உடம்பும் ஒத்துப்போகவே இல்லை. போட்டோவில் இருப்பவர் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். என் மேஜையில் உருவானவரோ ஒடுங்கிய மார்பும், ஒரு பக்கம் தாழ்ந்த இடது தோளுமாக நின்றார். என் கைதான் தப்புப் பண்ணுகிறது என்று வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் அதே ஆள்தான் வந்தார். டீச்சரைக் கேட்டேன்.

"போர்முனையில வேளாவேளைக்குச் சோறா கிடைக்குது? இளைச்சுப் போயிருப்பார்" என்றார்.

"தோள் இறங்கியிருக்கே?"

"பீரங்கிக் குண்டைத் தூக்கித் தூக்கி அப்படி ஆயிருக்கும்."

அந்த இடது தோளிலிருந்து பாதி முதுகுவரை பழுப்பேறிய ரத்தக்கறை இருந்தது. ஆனால் குண்டு துளைத்த ஓட்டை எங்கேயும் இல்லை. அதையும் கேட்டேன். தலையில் பட்டது என்றார். டீச்சர் குரலில் ஒன்றைச் சொன்னால் நான் இன்றைக்கும் கைகட்டிக் கேட்டுக்கொள்கிற ரகம். கேட்டுக்கொண்டேன்.

விழாவுக்கு மந்திரி வருவதற்கு முன்னால், பொருள் கொடுத்த குடும்பங்களை மட்டும் உள்ளே விடுவதாக ஏற்பாடு. குடும்பத்துக்கு இரண்டு பேர். டீச்சர் முதல் ஆளாக வந்துவிட்டார். வந்தவர் பெட்டியைப் பார்க்கவில்லை, திரும்பி வாசலையே பார்த்தார். "என் கொழுந்தனாரை வெளியிலயே இருக்கச் சொன்னேன்" என்று என்னிடம் சொன்னார். நான் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார்.

வாசல் காவலாளிக்கு அன்றைக்குப் பார்த்து மரியாதை பொங்கி வழிந்துவிட்டது. "ரெண்டு பேருக்கு அனுமதி இருக்குல்ல சார், நீங்க எதுக்கு வெயில்ல நிக்கணும்? போங்க, போங்க" என்று ஒருவரை உள்ளே தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார். டீச்சருடைய கைப்பையையும் குடையையும் சுமந்துகொண்டு ஒல்லியாக ஒருவர் வந்தார். நடையில் ஒரு கோணல் இருந்தது. ஒடுங்கிய மார்பு. இடது தோள் தாழ்ந்திருந்தது.

அந்த உடம்பை நான் இரண்டு தடவை என் கையால் செய்திருக்கிறேன். அதன் முதுகெலும்பு எங்கே வளைகிறது என்றுகூட எனக்குத் தெரியும். பெட்டிக்குள் தலையில்லாமல் நிற்கிற ஆள், தலையோடு வந்து கூடத்தின் நடுவில் நின்றார்.

டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

"சார், அந்தப் பக்கம் காபி வச்சிருக்காங்க, குடிச்சிட்டு வாங்களேன்" என்றேன். வேறென்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"இருக்கட்டுங்க. அண்ணனைப் பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லி அவர் நேராகப் பெட்டிக்கு வந்தார்.

வந்து நின்றவர் அசையவில்லை. முதலில் அட்டையைத்தான் படித்தார். பிறகு சட்டையைப் பார்த்தார். காலரைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கறை இருந்த தோளில் அவர் கண் போய் நின்றது. குடையைக் கீழே வைத்தார். கைப்பையை அதன்மேல் வைத்தார். இவ்வளவையும் அவர் நிதானமாகச் செய்தது எனக்குப் பயமாக இருந்தது.

"இதை எலி கடிச்சிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னீங்களே அண்ணி" என்றார்.

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"தம்பி, உன் கால்ல விழறேன். இன்னிக்கு ஒருநாள் வாயைத் திறக்காதே" என்றார் டீச்சர். அவர் குரல் கிசுகிசுப்பாக இருந்தாலும் கூடத்துக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. "அவரோடதுன்னு என்கிட்ட என்னடா இருக்கு? பட்டாளத்துல இருந்து வந்த பெட்டியில ஒரு சீப்பு, ஒரு சவரக்கத்தி, ஒரு பனியன். உடுப்பு எதுவும் இல்லாதவங்க போட்டோவைப் பின்னாடி நடையில மாட்டுவோம்னாங்க. நான் போய்ப் பார்த்தேன். கக்கூசுக்குப் போற வழி. அவரை அங்க மாட்டச் சொல்றியா?"

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ கொடுத்திருப்பியா? நீ இதை வச்சிருந்த டிரங்குப் பெட்டியை யாராவது திறந்தாலே வீடே ரெண்டாகுமே. அது காணோம்னு தெரிஞ்சப்ப வீட்டைப் புரட்டிப் போட்டியே. நீ சாப்பிடாம உக்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கும் சோறு இறங்கலை. ஆனா அதுக்குள்ள கொடுத்துட்டேன்."

"அந்தக் கறை யாரோடதுன்னு நினைச்சீங்க?"

"போர்ல நீ தூக்கிட்டு வந்த ஆள் யாரோடதோ. எத்தனை பேரைத் தூக்கியிருப்பே. அதுவும் ஒரு சிப்பாயோட ரத்தம்தானே தம்பி. அவர் பேருக்கு வந்தா மரியாதை குறைஞ்சா போயிடும்?"

கொழுந்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சட்டையைப் பார்த்தார்.

எனக்கு டீச்சர் மேல் கோபம் கோபமாக வந்தது. என்னையும் சேர்த்து முட்டாளாக்கியிருக்கிறார். உயிரோடு திரும்பி வந்தவனுடைய சட்டையை உருவி, செத்தவனுக்குப் போட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பின்நடையை நானும் பார்த்திருக்கிறேன். அங்கே மாட்டியிருக்கும் முகங்களை ஒருவரும் நின்று பார்க்கப்போவதில்லை. அவசரமாகப் போகிறவன் எவன் நின்று பார்ப்பான்? அதனால் கோபப்பட்டும் என்னால் அவரை வெறுக்க முடியவில்லை. இன்றைக்கு ஒருநாள் தாண்டிவிட்டால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் அவர்களோடு சேர்ந்து நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் இஸ்திரி வந்தார். எங்கள் இயக்குநர். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. உட்கார்ந்து எழுந்தாலும் அவர் உடுப்பில் ஒரு சுருக்கம் விழாது என்பதால் அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர். கையில் ஒரு டார்ச்சோடு ஒவ்வொரு பெட்டியாகக் கடைசிச் சோதனை செய்துகொண்டு வந்தார். எங்களைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, டார்ச்சை இந்தப் பெட்டியின் மீது அடித்தார். காலர், பொத்தான், தோள், கை. கையில் வெளிச்சம் நின்றுவிட்டது.

"ஏம்மா, இங்க வா. இது என்னது?"

முழங்கைக்கு மேலே உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக ஓர் இடம் மட்டும் வெளுக்காமல் இருந்தது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். மடிப்பில் இருந்த இடம் என்று விட்டிருந்தேன்.

"மடிச்சு வச்சிருந்திருப்பாங்க சார்."

"மடிப்புல ஊசித் தடம் இருக்குமா? நாலு ஓரத்துலயும் இருக்கு பார். இங்க ஒரு பட்டை தைச்சிருந்து பிரிச்சிருக்காங்க. பீரங்கிப் படையில கையில பட்டை கிடையாது. காயம்பட்டவங்களைத் தூக்குறவனுக்குத்தான் உண்டு." டார்ச்சை அணைத்தார். "டீச்சரம்மா, இது உங்க வீட்டுக்காரர் சட்டைதானா?"

டீச்சர் நிமிர்ந்து நின்றார். வகுப்பில் நிற்பது மாதிரிதான் நின்றார். "ஆமா" என்ற அந்த ஒரு சொல் மட்டும் பாதியில் உடைந்துவிட்டது.

"அம்மா, நான் உங்களை அவமானப்படுத்தணும்னு கேக்கலை. இன்னிக்கு விட்டாலும் நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தன் வந்து நிப்பான். இது பொய்னு சொல்வான். அப்புறம் மத்த பெட்டியெல்லாமும் பொய்யாயிடும். உங்க வீட்டுக்காரர் பாலத்துல நின்னதையே பொய்னு சொல்ல ஆள் கிளம்புவான். அது வேணுமா உங்களுக்கு?"

இஸ்திரி சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கும் வழி தெரியவில்லை. வாசல் காவலாளி ஓடிவந்து, மந்திரியின் வண்டிகள் தெருமுனையில் திரும்பிவிட்டன என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் ஓடினார்.

"பெட்டியைத் திற. சட்டையை எடு. போட்டோவைப் பின்னாடி நடையில மாட்டிக்கலாம். சீக்கிரம்" என்றார் இஸ்திரி என்னிடம்.

"சாவி ஸ்டோர்ல இருக்கு சார்."

"உன் கழுத்துல தொங்குறது என்ன, தாயத்தா?"

வேறு வழியில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு சாவியைப் பூட்டில் விட்டேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை நாள் இந்தக் காலைக்காகக் காத்திருந்தாரோ. தன் கண்ணுக்கு முன்னாலேயே புருஷனை முதல் கூடத்திலிருந்து கழற்றி, பின்நடைக்குக் கொண்டுபோவதை அவர் நின்று பார்க்க வேண்டும். பூட்டு திறந்துகொண்டது.

"அதைத் தொடாதீங்க" என்றார் கொழுந்தனார்.

இஸ்திரி அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தார். "நீங்க யாரு?"

"சட்டைக்காரன் சார். இது என்னோடது. நான்தான் அண்ணிகிட்ட எடுத்துக் கொடுத்தேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"பொய்" என்றார் டீச்சர். "நான் திருடினேன். பட்டையைப் பிரிச்சதும் நான்தான்."

"யார் எடுத்தா என்ன? யார் கொடுத்தா என்ன?" இஸ்திரியின் கழுத்து சிவந்துவிட்டது. "குடும்பமே சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க. ஐயா, நீங்களும் பட்டாளத்துல இருந்தவர். உங்களுக்கே தெரியணும். இந்தப் பெட்டி பாலத்துல செத்தவருக்கு. உங்களுக்கு இல்லை."

"அவர் பாலத்துல சாகலை சார்."

நான் சாவியை வெளியே எடுக்கவும் இல்லை, கதவைத் திறக்கவும் இல்லை. டீச்சர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"என்ன சொல்றே?"

கொழுந்தனார் அவரைப் பார்க்காமல் இஸ்திரியிடமே பேசினார். "என்கூட ஸ்ட்ரெச்சரைப் பிடிக்கிறவன் முந்தின நாளே போயிட்டான். நான் ஒத்தையாத்தான் பாலத்து மேல போனேன். அண்ணனுக்கு வயித்துல பட்டிருந்தது. தோள்ல போட்டுக்கிட்டு இறங்கினேன். அந்த ரத்தம் யாரோடதோ இல்லை சார். அவரோடதுதான். சட்டையை எடுத்துக்கிட்டுப் போகணும்னா அதையும் சேர்த்துத்தான் எடுக்கணும்."

டீச்சர் அவர் முன்னால் வந்து நின்றார். "தலையில பட்டுச்சு. ஒரு நொடியில போயிட்டார். அப்படித்தான் எழுதி வந்துச்சு."

"எழுதி வந்துச்சு அண்ணி."

"உயிரோட இருந்தாரா?"

"கீழ வர்ற வரைக்கும்."

"வலிச்சுதா?"

அவர் பெட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "என்னைப் பார்த்துச் சொல்லு. வலிச்சுதா?"

"வலிச்சுது."

"கத்தினாரா?"

"கத்தினாரு. என்னைத் திட்டினாரு. குலுக்காம நடடான்னு திட்டிக்கிட்டே வந்தாரு. அப்புறம் சத்தம் குறைஞ்சுபோச்சு. டீச்சர்கிட்ட டக்குன்னு போயிட்டேன்னு சொல்லு, வேற எதையும் சொல்லாதே, சத்தியம் பண்ணுன்னாரு. பண்ணினேன். ஊருக்கு வந்து எப்படிச் சொல்லப்போறோம்னு வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கிட்டே வந்தேன். வந்து பார்த்தா, நான் சொல்ல வேண்டிய பொய்யைக் காகிதத்துல அடிச்சு முன்னாடியே அனுப்பியிருந்தாங்க."

டீச்சர் அவரை அடித்தார். இரண்டு கையாலும் மார்பில் அடித்தார். அவர் தடுக்கவே இல்லை, நின்று வாங்கிக்கொண்டார். "இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்தியேடா. ஒரே பானைச் சோறு தின்னோமே. அவருக்கு வலிக்கலைன்னு நினைச்சு நினைச்சுத்தானே நான் ராத்திரியில தூங்கினேன்." அடிப்பது நின்றது. அவரை ஏற இறங்கப் பார்த்தார், புதிதாக ஓர் ஆளைப் பார்ப்பது மாதிரி. "நீ தூங்கினியா?"

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுவதை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை. போன வாரம் முழுக்க அந்தத் தோளை நான் சீவிக்கொண்டிருந்தேன். பீரங்கிக் குண்டு தூக்கின தோள் என்று நினைத்து, கொஞ்சம் அலுத்துக்கொண்டுகூடச் சீவினேன்.

வெளியே வண்டிக் கதவுகள் சாத்துகிற சத்தம் அடுத்தடுத்துக் கேட்டது. பூட்ஸ் சத்தம் படியேறியது. இஸ்திரி என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தேன். அவருக்கு நேரமில்லை. சட்டையை எடுத்தால் எடுத்ததுதான், விட்டால் விட்டதுதான். அவர் பெட்டிக் கதவைத் திறந்தார். கையை உள்ளே விட்டார்.

அவர் எடுத்தது அட்டையை.

"எல்லாருக்கும் இதைத்தான் எழுதுவோம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "நானும் எழுதியிருக்கேன். எத்தனையோ வீட்டுக்கு. ஒரு நொடியில போயிட்டார்னு. ஒருத்தர் வீட்டுக்குக்கூட வேற மாதிரி எழுதினதில்லை." அட்டையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தார். என்னிடம் "பூட்டும்மா" என்றார். பூட்டினேன்.

மந்திரி உள்ளே வந்தார். கூடவே அதிகாரிகள், போட்டோ எடுப்பவர்கள், மாலையும் கையுமாக ஒரு கூட்டம். முதல் பெட்டி இது என்பதால் நேராக இங்கே வந்துவிட்டார். கண்ணாடிக்குள் பார்த்தார். கீழே பார்த்தார். அட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த அதிகாரி கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இது யாருடைய சட்டை?" என்று கேட்டார் மந்திரி.

இஸ்திரி வாயைத் திறந்தார். எந்தப் பெயரைச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, திறந்த வாய் அப்படியே நின்றது. கொழுந்தனார் பின்வாங்கினார். குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய்விடப் பார்த்தார். டீச்சர் எட்டி அவர் கையைப் பிடித்து, இழுத்துக்கொண்டு வந்து, மந்திரிக்கு நேர் எதிரில் நிறுத்தினார்.

"சட்டை இவனோடது" என்றார். "மேல இருக்கிற ரத்தம் என் வீட்டுக்காரரோடது."

மந்திரி இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். யாரும் படம் எடுக்கவில்லை. டீச்சர் கையை விடவில்லை. கொழுந்தனார் பக்கம் திரும்பி, "மேலயிருந்து கீழ வந்த வரைக்கும் என்ன நடந்துச்சோ, ஒண்ணையும் விடாம சொல்லு தம்பி" என்றார். "இவங்களும் கேக்கட்டும். நானும் கேக்கறேன்."